பழைய சிறு நீர்மின் மண் அணையைக் கண்காணித்துப் பராமரிப்பது எப்படி?

மண் அணையில் ஓரளவு நீர் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்த டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உள்ளரிப்பால் உடைந்தபோது, காலையில் கலங்கல் கசிவு தென்பட்டதற்கும் நண்பகலுக்குச் சற்று முன் கரை உடைந்ததற்கும் இடையே சில மணி நேரமே இருந்தது.

படி 1: சரிவுகளில் புல்லைக் குட்டையாக வெட்டி, மரக்கன்றுகளை முளையிலேயே அகற்றுங்கள். வளர்ந்த மரத்தை வேரோடு பிடுங்குவதைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

படி 2: முகட்டில் நடந்து விரிசல்களைப் பாருங்கள். கரைக்குக் குறுக்கே செல்லும் விரிசல் நீருக்கு நேர்வழியாகிவிடும் என்பதால், அதன் இரு முனைகளிலும் முளையடித்துத் தேதியுடன் நீளத்தைக் குறியுங்கள். பிறகு வெளிச்சரிவில் இறங்கி எலி வளைகளையும், சுற்றிலும் காய்ந்திருக்கையில் தனியே பசுமையாக நிற்கும் புல்திட்டுகளையும் தேடுங்கள். டர்பைனுக்கு நீர் செல்லும் குழாய் கரையை ஊடுருவி வெளிவரும் இடத்தை நான் எப்போதும் முதலில் சந்தேகிப்பேன். குழாயை ஒட்டிய மண்ணை நன்றாக இறுக்குவது கட்டும்போதே கடினம்.

படி 3: கசிவு நீரை ஓர் ஓடையில் சேர்த்து, 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகட்டின் வழியே விடுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல், நீர் வரும் பக்கத்தில் தகட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டரும், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டரும் வருகிறது எனக் கொள்ளலாம். நீர்த்தேக்க மட்டத்தையும் உடன் எழுதுங்கள்; மட்டம் மாறாதிருக்கக் கசிவு மட்டும் கூடினால் அது எச்சரிக்கை. கண்ணாடிப் புட்டியில் கசிவு நீரைப் பிடித்து வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்றும் பாருங்கள்.

படி 4: நீர் கலங்கி வந்தால் உடனே கீழ்ப்பகுதி மக்களை எச்சரித்து, பொறியாளரை அழைத்து, மதகைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். கசிவு வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி நீர் வேறிடத்தில் பீறிடும். நெருங்குவது பாதுகாப்பெனப் பொறியாளர் சொன்னால் மட்டும், மணலும் அதன்மேல் சரளையும் பரப்பினால், நீர் வெளியேற மண் தங்கும்.

படி 5: மிகுநீர் வழிந்தோடும் கலிங்கில் சிக்கிய மரக்கட்டைகளை அகற்றுங்கள். கூடுதல் மின்சாரத்துக்காகக் கலிங்கின் மேல் பலகை வைத்து நீரைத் தேக்குவது பலருக்கும் உள்ள ஆசை. வெள்ளத்தில் அந்தப் பலகைதான் நீரைக் கரை தாண்டவைக்கும். மின்தடத்தில் கோளாறு ஏற்பட்டால் டர்பைன் நின்றுவிடும் என்பதால், வெள்ள நீரை வெளியேற்றும் வழியாக அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பழுதுபார்ப்புக்காக நீரை இறக்கும்போது பொறியாளர் குறிக்கும் வேகத்தில் மெதுவாக இறக்குங்கள். தாங்கி நின்ற நீர் சட்டென விலகினால், ஊறிய உட்சரிவு சரிந்துவிடக்கூடும்.