பாக்ஸ் கல் சுரங்கங்களில் கேமராவுடன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர்ப் பகுதியில், பாத் நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள பாக்ஸ் என்னும் கிராமத்தின் அடியில், மலையைக் குடைந்து கல் எடுத்த பழைய சுரங்கங்கள் பல மைல் நீளத்துக்குப் பின்னிக் கிடக்கின்றன. பொறியாளர் புரூனெல் வடிவமைத்து 1841இல் திறக்கப்பட்ட பாக்ஸ் ரயில் சுரங்கப்பாதை அந்த மலையை ஊடுருவியபோது, பாத் கல் எனப்படும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லின் தரமான படுகைகள் வெளிப்பட்டன. வெட்டிய கல்லை வெளியூர்களுக்கு ஏற்றிச் செல்லவும் அதே ரயில் பாதை உதவியதால் தொழில் பெருகியது. இன்று அந்தச் சுரங்கங்களில் வேலை நின்றுவிட்டது. குகை ஆர்வலர்களும் புகைப்படக்காரர்களும் அங்கே செல்கின்றனர். கல்குவாரி என்றவுடன் நம்மில் பலருக்கு வானம் பார்த்த பெரும் பள்ளமும் அதன் அடியில் தேங்கிய தண்ணீரும்தான் நினைவுக்கு வரும் என்பதால், தரைக்கடியில் கல் எடுக்கும் முறை நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்த முறையை அறியாமல், சுரங்கத்தை இயற்கைக் குகை போலவோ இருட்டான ஸ்டுடியோ போலவோ கருதி உள்ளே போவதுதான் முதல் தவறு. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆகவே, கல்லை எப்படி எடுத்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். உறுதியான ஒரு பாறை அடுக்கைக் கூரையாக விட்டுவிட்டு, அதை ஒட்டினாற்போல் நீண்ட கைப்பிடி கொண்ட கொத்துக்கோடாலிகளால் குறுகலான ஓர் இடைவெளியைக் கிடைமட்டமாகக் குடைந்தார்கள். பிறகு அந்த இடைவெளி வழியே ரம்பவாளை நுழைத்து, மேலே தொங்கவிட்ட தகரக் குவளையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, கல்லைச் செங்குத்தாக அறுத்தார்கள். அறுத்தெடுத்த பாளங்களை, தரைக்கும் கூரைக்கும் இடையே இறுக்கி நிறுத்திய மரப் பாரந்தூக்கிகள் தூக்கி வண்டியில் வைத்தன. மலையைத் தாங்குவதற்காக ஆங்காங்கே கல் தூண்களை வெட்டாமல் விட்டார்கள். விற்பனைக்கு உதவாத கழிவுக் கல்லை வெளியே கொண்டுவருவது வீண்செலவு என்பதால், வேலை முடிந்த அறைகளிலேயே சாந்து எதுவும் பூசாமல் சுவர்போல் அடுக்கி, அதன் பின்னால் கொட்டி வைத்தார்கள்.

இந்தக் கழிவுச் சுவரை உறுதியான கட்டுமானம் என்று நம்பி அதன் மேல் ஏறுவது, குறிப்பாக உயரமான கோணத்திலிருந்து படம் எடுப்பதற்காக முக்காலியுடன் ஏறுவது, மிகவும் ஆபத்தானது. கையால் அடுக்கிய அந்தச் சுவருக்குப் பின்னே டன் கணக்கில் கல் சாய்ந்து நிற்கிறது. அடியில் ஒரு கல் நகர்ந்தாலும் மொத்தமும் சரியக்கூடும். பிற்காலத்தில் முட்டுக்கொடுத்த மரக்கட்டைகளும் அப்படித்தான். பார்வைக்கு முழுதாகத் தோன்றும் கட்டை, ஈரக்காற்றில் பல ஆண்டுகள் நின்று உள்ளே உளுத்துப்போயிருக்கலாம். அதில் பையை மாட்டுவதோ முதுகைச் சாய்ப்பதோ கூடாது. கூரையைப் பற்றித் தரையே சேதி சொல்லும். தரையில் கிடக்கும் பாளத்தின் முனைகள் தூசி படியாமல் வெளிறிய புத்தம்புதுக் கல்லாகத் தெரிந்தால், அது அண்மையில் விழுந்தது என்று பொருள். அத்தகைய இடத்தில் கூரையைத் தட்டிப் பார்க்க முற்படாமல் திரும்பிவிடுவதே முறை. எவ்வளவு அழகான காட்சியானாலும் அதன் அடியில் 10 நிமிடம் முக்காலி போட்டு நிற்பதற்கு நியாயமே இல்லை.

வழி தவறுவது இங்கே மிக எளிது. தூண்களும் அறைகளும் ஒரே அச்சாக இருப்பதோடு, உள்ளே போகும்போது பார்த்த சந்திப்பு திரும்பும்போது முற்றிலும் வேறாகத் தோன்றும். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, வந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, அந்தப் பின்பக்கக் காட்சியைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். சுவரில் முன்பு வந்தவர்கள் தீட்டிய அம்புக்குறிகளை நம்பக் கூடாது; எவர் எந்த வாசலை மனத்தில் வைத்து வரைந்தார் என்பது யாருக்குத் தெரியும்? நாமும் புதிதாக எதையும் தீட்டக் கூடாது. வண்டிச்சக்கரத் தடமும் தண்டவாளக் கட்டைகளின் பள்ளங்களும் பெருவழி எது என்பதைக் காட்டும். ஆனால் அந்தப் பெருவழியின் வாசல் இன்று இடிந்தோ அடைபட்டோ இருக்கலாம் என்பதால், வரைபடமும் இடத்தை நன்கறிந்த ஒருவரும் உடனிருப்பது அவசியம். கேமராவில் கண் வைத்தபடி பின்னோக்கி நடப்பது இன்னொரு பொதுவான தவறு. சுரங்கத் தரையில் குழிகளும் கிணறுகளும் இருப்பதுண்டு. அசையாத தெளிந்த நீர், விளக்கு வெளிச்சத்தில் நீர் என்றே தெரியாது.

ஒருவர் தனியாகப் போவது, தலைக்கவசம் அணியாமல் போவது, ஒரே ஒரு டார்ச்சை நம்புவது ஆகியவை பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு மூன்று விளக்குகள் வேண்டும். படத்துக்கான விளக்குகள் அந்தக் கணக்கில் சேரா. உள்ளே கைபேசித் தொடர்பு கிடைக்காது. எனவே எந்த வாசல் வழியே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் உதவி கோர வேண்டும் என்பதை வெளியில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, குகை மீட்புக் குழு தேவை என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

கைவிடப்பட்டது என்பதற்காக ஒரு சுரங்கம் உரிமையாளர் இல்லாததாகிவிடாது. அருகிலுள்ள கோர்ஷம் பகுதியின் பழைய கல் சுரங்கங்கள் சில இரண்டாம் உலகப்போரின்போது வெடிமருந்துக் கிடங்குகளாக்கப்பட்டன. அப்போது விமான எஞ்சின் தொழிற்சாலையாக்கப்பட்ட ஸ்பிரிங் சுரங்கத்தில், அணு ஆயுதப் போர் மூண்டால் அரசு இயங்குவதற்காக 4,000 பேர் தங்கக்கூடிய 35 ஏக்கர் பதுங்கிடத்தை 1950களின் பிற்பகுதியில் கட்டினார்கள். அதன் இரகசியத் தன்மை 2004இல்தான் நீக்கப்பட்டது. அந்தப் புகழே பலரைப் பூட்டை உடைக்கத் தூண்டுகிறது. அதே வட்டாரத்தில் இன்றும் கல் எடுக்கும் சுரங்கங்களும் உள்ளன. அனுமதி பெறாமல் இவற்றுக்குள் நுழைவது துணிச்சல் ஆகாது. பூட்டு உடைபட்டால் அடுத்த மாதமே வாசல் நிரந்தரமாக அடைபடும், முறைப்படி வருபவர்களுக்கும் சேர்த்து.

வாசலில் கிடைமட்டக் கம்பிகள் பதித்திருந்தால் அவை வௌவால்களுக்காக விடப்பட்ட வழி. பாக்ஸ் கல் சுரங்கம் பெரிய குதிரைலாட வௌவால் உள்ளிட்ட இனங்கள் குளிர்கால உறக்கம் கொள்ளும் இடமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. சிறகால் உடலைப் போர்த்திக்கொண்டு கூரையில் தொங்கும் வௌவாலைக் கண்டால் யாருக்கும் கேமராவைத் தூக்கத் தோன்றும். செய்யவே கூடாத காரியம் அது. அருகில் நிற்பவரின் உடல் வெப்பமும் வெளிச்சமுமே அதை எழுப்பிவிடும். விழித்தெழ அது தன் உடலை மீண்டும் சூடாக்க வேண்டும். அதற்குச் செலவாகும் கொழுப்பை, பூச்சிகள் இல்லாத குளிர்காலத்தில் ஈடுசெய்ய வழியில்லை. உறைவிடத்தில் வௌவாலைத் தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அவை கூடும் பகுதிகளைத் தவிர்த்துவிடுவதே பொருத்தம்.

இனிப் படமெடுப்பதற்கு வருவோம். சுரங்கத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி. காற்றில் ஈரம் மிகுதி. குளிர்காலத்தில் வெளியே நடந்து வந்த கேமரா அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், பையைத் திறந்ததும் லென்ஸில் நீர் பூக்கும். கோடையில் வெளியே வரும்போது அதுவே நிகழும். கேமராவை மூடிய பையிலேயே வைத்து, சுற்றியுள்ள வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். துணியால் துடைத்துத் துடைத்து எடுப்பவர்களின் படங்கள் எல்லாம் மங்கலாகவே அமையும்.

கேமராவின் மேலேயே ஃபிளாஷை வைத்து எடுப்பது அடுத்த தவறு. நம் மூச்சின் ஆவித் துளிகள் அந்த ஒளியில் வெண்புள்ளிகளாகப் பதியும். நேரே பாயும் ஒளி கல்லின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கி, நூறாண்டுக்கு முந்தைய வாள்தடத்தையும் கோடாலிக் கொத்தையும் அழித்துவிடும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் துளை) 8 என்ற அளவில் ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு அறுப்புக் கோடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஆழம் வேண்டுமென்றால் ஒருவர் அடுத்த தூணின் பின்னால் மறைந்து நின்று, கேமராவை விட்டு விலகி, பின்புறம் நோக்கி ஒளியைப் பாய்ச்ச வேண்டும். முன்புறத்தை மட்டும் வெளிச்சமாக்கிப் பின்புறத்தைக் கரும்பரப்பாக விடும் படத்தில் சுரங்கமே இருக்காது. காட்சியில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் கூரையின் உயரம் விளங்கும். அவர் மூச்சை ஒரு கணம் அடக்கிக்கொண்டால் படத்தில் ஆவி படராது.

இருட்டில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் என்பதால், படமெடுக்கும் பொருளின் அருகே ஒரு விளக்கை வைத்து, கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேமராத் திரை இருட்டில் மிகப் பிரகாசமாகத் தெரிவதால் படம் சரியாக வந்துவிட்டதாக ஏமாறுவோம். படத்தின் ஒளிப்பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தானியங்கியாக விட்டால் தேன்நிறக் கல் ஒரு படத்தில் நீலமாகவும் மறு படத்தில் சாம்பலாகவும் மாறும். கேமரா பதிந்ததை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவை வைக்க வேண்டும்.

எஃகு இழையைக் கொளுத்திச் சங்கிலியில் சுழற்றித் தீப்பொறி வட்டம் காட்டும் வித்தை இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் புகையை நிரப்பி, வெளிர்கல்லில் துருக்கறையைப் பதித்து, வௌவால்களை விரட்டும் அந்த வேலையால் கிடைக்கும் படமும் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். புகைக்குப்பிகளுக்கும் இது பொருந்தும்.

சுவர்களில் தொழிலாளர்கள் எழுதிய கணக்குகளும் தேதிகளும் கேலிச் சித்திரங்களும் இன்னும் இருக்கின்றன. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நீர் தெளிப்பதும் சுண்ணக்கட்டியால் மேலெழுதுவதும் அவற்றை அழிப்பதற்குச் சமம். சாய்ந்த ஒளியே போதும். துருப்பிடித்த வாளையோ சங்கிலியையோ படத்துக்காக இடம் மாற்றுவதும் அத்தகையதே. பாரந்தூக்கியின் அடியில் கிடக்கும் சங்கிலி, கடைசியாக எந்தக் கல்லைத் தூக்கினார்கள் என்பதற்குச் சான்று. அதை எடுத்துத் தூணில் தொங்கவிட்டால் சான்று போய்விடும், படமும் பொய்யாகிவிடும்.

வெளியே வந்தபின் காலணி, உடை, முக்காலிக் கால்கள் அனைத்தையும் கழுவிக் காயவைத்த பிறகே வேறொரு சுரங்கத்துக்கோ குகைக்கோ போக வேண்டும். 2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு வட அமெரிக்காவில் பல இலட்சம் வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை, மனிதர்களின் உடையிலும் கருவிகளிலும் ஒட்டிப் பயணிக்கக்கூடியது. படங்களை வெளியிடும்போது கோப்பில் பதிந்திருக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிட வேண்டும். சுரங்கத்தினுள் ஜி.பி.எஸ். எட்டாது என்றாலும், வாசலில் நின்று எடுத்த ஒரே படம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.