சேலத்தில் செய்த செலவை ஒன்டாரியோ கோர்ட்டில் காட்டுவது

கணவர் முன்னாலேயே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்துவிட, பிள்ளையோடு சேலத்தில் சில வருடம் தனியாகச் சமாளித்துவிட்டு, அப்புறம் இங்கே வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். அந்த வருடங்களில் அவர் பணம் அனுப்பவில்லை என்றால், பிள்ளையை வளர்க்க அவர் தந்திருக்க வேண்டிய பராமரிப்புத் தொகையைப் பழைய பாக்கியாக இங்கே கோர்ட்டில் கேட்கலாம்.

இப்படி வருகிற எல்லோரும் முதலில் ரசீதைத்தான் தேடுகிறார்கள். மாதாமாதம் தர வேண்டிய அடிப்படைத் தொகைக்கு ரசீதே வேண்டாம். தருபவரின் ஆண்டு வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து, அரசு அட்டவணைப்படி அது முடிவாகிறது. சாப்பாடு, துணிமணி, வாடகை எல்லாம் அதிலேயே அடக்கம். ஆகவே அந்தந்த வருடத்துக்கான அவருடைய வருமான வரிக் கணக்கையும் வரித்துறை அனுப்பிய மதிப்பீட்டுத் தாளையும் கேளுங்கள்.

ரசீது தேவைப்படுவது தனிச் செலவுகளுக்கு. நீங்கள் வேலைக்குப் போவதற்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணம், காப்பீடு போக வருடத்துக்கு 100 டாலருக்கு மேல் ஆன மருத்துவச் செலவு, வழக்கத்தைவிடக் கூடுதலான படிப்புச் செலவு, கல்லூரிச் செலவு போன்றவை இதில் வரும். இதை இருவரின் வருமான விகிதப்படி பிரிப்பார்கள்.

என் மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒவ்வொரு பருவத்துக்கும் என் அப்பா பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ரொக்கமாகவே பணம் கட்டினார். ரசீது எல்லாம் பீரோவில் ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தது. பிரித்துப் பார்த்தால், பள்ளி ரசீதில் பேனா எழுத்து அப்படியே இருக்கிறது. மருந்துக்கடை பில்லோ வெறும் வெள்ளைத் தாள். மெஷினில் வருகிற அந்த வழவழத் தாளில் எழுத்து நிற்காது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிச் சிலவற்றைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார். மற்றதற்கு டாக்டர் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான் துணைக்கு வந்தன.

ரசீது மட்டும் போதவில்லை. விடுதி ஏன் தேவைப்பட்டது என்றும் எழுத வேண்டியிருந்தது. எனக்கு இரவு ஷிஃப்ட். அம்மாவுக்கு முட்டி வலி. செலவு தேவையானதா, குடும்ப வசதிக்கு ஏற்றதா என்று நீதிபதி பார்ப்பார்.

பள்ளி ரசீது தொலைந்திருந்தால் வருட வாரியாகக் கட்டணச் சான்று கேளுங்கள். வருமான வரிக்காகப் பெற்றோர் வழக்கமாக வாங்குவதுதான். வேன்காரருக்குக் கையில் கொடுத்த பணத்துக்கு, அதே நாளில் பணம் எடுத்ததைக் காட்டும் பாஸ்புக் பக்கமும் அவர் கையெழுத்திட்ட கடிதமும் உதவும். ஜிபே பழைய கணக்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். நகைக்கடன் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த நாட்களில் பிள்ளை எந்த நிலையில் வளர்ந்தாள் என்பதற்கு அதுவும் சாட்சி.

தெரிந்த கடையில் இப்போது பழைய தேதி போட்டு பில் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். ஒன்று பிடிபட்டால் உங்கள் நல்ல ரசீதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, எவ்வளவு பின்னால் போகலாம்? கனடா உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னபடி, பொதுவாக நீங்கள் பணம் கேட்ட நாளிலிருந்து கணக்கிடுவார்கள். வழக்குப் போடுவது போன்ற முறையான நோட்டீசுக்கு முந்தைய 3 வருடத்துக்கு மேல் சாதாரணமாகப் போக மாட்டார்கள். அவர் வருமானத்தை மறைத்திருந்தால் அதற்கும் பின்னால் போகலாம். நீங்கள் முதலில் பணம் கேட்டது வக்கீல் நோட்டீசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "பாப்பா பீஸுக்குப் பணம் அனுப்புங்க" என்று தேதியோடு இருக்கிற ஒரு வாட்ஸ்அப் செய்தியும் போதும். பழைய போனை விற்றுவிடாதீர்கள். இவ்வளவு நாள் ஏன் வழக்குப் போடவில்லை என்றும் கேட்பார்கள். பயமோ விவரம் தெரியாததோ, உண்மையை அப்படியே சொல்லுங்கள்.

தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் சத்தியப் பத்திரமும் சேர்க்க வேண்டும். தேதி, செலவு, ரூபாய், அன்றைய டாலர் மதிப்பு, அதற்கான ரசீதின் வரிசை எண் என்று ஒரே பட்டியலாகப் போடுங்கள். குடும்ப நீதிமன்றங்களில் இருக்கும் தகவல் மையத்தில் படிவங்களைப் பற்றி இலவசமாகச் சொல்வார்கள்.

இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, அந்த வழவழத் தாள் பில்களை முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளி ரசீதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.