கேந்திப்பூவைப் பிடிச்சுக்கிட்டு மெக்சிகோ வரைக்கும்: வீட்டுலயே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வருச ப்ளான்

மொத வருசம் நான் அடிச்ச கூத்தை முதல்ல சொல்லிடுறேன். மாசத்துக்கு ரெண்டு நாடு, பத்து மாசத்துக்கு இருபதுன்னு எக்ஸல்ல கலர் கலரா டேபிள் போட்டு, கொடிக்குக் கலரடிக்கிற ஒர்க்ஷீட்டா பிரிண்ட் எடுத்துக் குவிச்சேன். ஆகஸ்ட் தாண்டல. பிரேசில் எங்கடா இருக்குன்னு பெரியவன்கிட்ட கேட்டா, "பச்சை கிரேயான் தீர்ந்துச்சே, அந்த ஊரு"ங்குறான்.

அதுக்கப்புறம் மாத்தின ப்ளான்தான் இது. அஞ்சுலருந்து எட்டு வயசுப் பிள்ளைகளுக்குச் சரியா இருக்கும்.

ஸ்டெப் 1: நாட்டைக் குறைங்க

வருசத்துக்கு அஞ்சு இடம் போதும். பெரிய உலக மேப் ஒண்ணு, ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு, வாரம் மூணு நாள், முக்கால் மணி நேரம். மத்தபடி கணக்கு, தமிழ் எல்லாம் அதுபாட்டுக்கு ஓடட்டும்.

ஸ்டெப் 2: பக்கத்து ஊர்லருந்து ஆரம்பிங்க

எங்களுக்குச் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரைக்கும் இதுவே திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊருதான், எங்க ஆச்சி இன்னும் பாதி மலையாளமாத்தான் பேசுவா. அதனால ஜூன்லருந்து ஆகஸ்ட் வரை கேரளா. சாரல் காலத்துல கொல்லம் ரயிலேறினோம், பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள போயி வெளிய வந்தா ஸ்டேஷன் போர்டுல எழுத்து மாறிருது. சின்னவ ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு "அம்மா, நம்ம எழுத்து சுருண்டு போச்சு"ன்னா. நான் எதுவும் விளக்கல, நோட்டுல அப்படியே வரைஞ்சுக்கோன்னு மட்டும் சொன்னேன். பதிமூணு கண் பாலம் வந்தப்ப கண்ணை எண்ணுனதுதான் அன்னிக்குக் கணக்குப் பாடம்.

உங்களுக்குக் குமுளியோ கொழிஞ்சாம்பாறையோ பக்கமா இருக்கலாம், பிள்ளைங்க கால் பட்ட எல்லை எதுவோ அங்கருந்து தொடங்குங்க.

ஸ்டெப் 3: ஒரு பொருளைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த நாட்டுக்குப் போங்க

இதுல கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா இதைச் செஞ்சா மத்ததெல்லாம் தன்னால வரும். ஓணத்துக்கு அத்தத்துலருந்து திருவோணம் வரை பத்து நாள் பூக்களம் போடுவாங்கல்ல, அதுக்கு பாவூர்சத்திரம் பக்கத்துலருந்து கேந்திப்பூ (சில ஊர்ல செண்டுமல்லிம்பாங்க) லோடு லோடா புளியரை வழியா மலையேறும். அந்தக் கேந்திக்குச் சொந்த ஊரு மெக்சிகோ. இதைச் சொன்னப்ப பெரியவன் நம்பவே இல்ல, நம்ம வயல்ல தானம்மா இருக்குன்னு சண்டை. சரின்னு மேப்புல செங்கோட்டைலருந்து மெக்சிகோவுக்கு மஞ்ச நூல் ஒட்டினோம்.

அங்க நவம்பர் 1, 2 தேதில செத்துப்போன சொந்தக்காரங்க வருவாங்கன்னு போட்டோ வச்சு, அவங்களுக்குப் பிடிச்ச பலகாரம் வச்சு, கேந்தியைக் கொட்டி அலங்காரம் பண்ணுவாங்க. ஆச்சி கேட்டுட்டு, "நம்ம படையல் மாதிரில்லா இருக்கு"ன்னு தாத்தா போட்டோவை அவளே துடைச்சு எடுத்துட்டு வந்தா. சின்னவ தாத்தாவுக்கு முறுக்கு வச்சா. சோள ரொட்டி மட்டும் சொதப்பல். மெக்சிகோல மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு அரைப்பாங்க, அப்பதான் மாவு சேரும்; நான் கடை மாவைப் பிசைஞ்சு தட்டி, உதிர்ந்து போயி, கடைசில உப்புமா ஆக்கிட்டேன்.

ஸ்டெப் 4: காலண்டரைப் பார்த்து மாசத்தைப் பிரிங்க

செப்டம்பருக்கு எத்தியோப்பியா, ஏன்னா அங்க புது வருசமே அப்பதான். 2025 செப்டம்பர் 11 அங்க 2018-ஓட மொத நாள், அவங்களுக்கு மாசம் பதிமூணு, கடைசி மாசத்துக்கு அஞ்சோ ஆறோ நாள்தான். சுவத்துல மூணு நம்பர் எழுதினேன்: 2025, கேரளா காலண்டர்ல கொல்லம் ஆண்டு 1201, எத்தியோப்பியா 2018. 2018-ல பொறந்த பெரியவன் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப அங்க போனா நான் இப்பதான் பொறந்திருப்பனா?"ன்னான். அன்னிக்கு வேற பாடமே நடக்கல, நடத்தவும் வேண்டாம்.

அக்டோபர், நவம்பர் மெக்சிகோ. டிசம்பர் லீவு, அதைக் கண்டிப்பா விடுங்க, எனக்கே தேவைப்பட்டுச்சு. ஜனவரி, பிப்ரவரி மலேசியா, தைப்பூசத்தை ஒட்டி. பத்துமலைக்கு 272 படின்னு சொன்னா பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது, அதனால பண்பொழி திருமலைக்கோயில் படியில 272 எண்ணி நின்னோம். மேல இன்னும் படி கிடந்தது, "நம்ம முருகன்தான் ஒசரம்"னு பெரியவனுக்கு ஒரே பெருமை. மார்ச் ஜப்பான்.

ஸ்டெப் 5: பண்டிகை, சாப்பாட்டோட நிறுத்திடாதீங்க

இல்லன்னா அந்த ஊர்க்காரங்க தினமும் வேஷம் கட்டி ஆடுறாங்கன்னு பிள்ளை நினைச்சுக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் நான் கேக்கச் சொல்றது ஒரே கேள்வி, சாதாரண நாள்ல உன் வயசுப் பிள்ளை அங்க என்ன பண்ணும்?

ஸ்டெப் 6: தேதி போட்டு வைங்க

நோட்டு, போட்டோ எல்லாத்துலயும் தேதி எழுதி ஒரு ஃபைல்ல போடுங்க. பரீட்சைக்கு என்ன பண்ணுவன்னு எல்லாரும் கேப்பாங்க. என்.ஐ.ஓ.எஸ்-னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி வாரியம் இருக்கு, அதுல ஓபன் பேசிக் எஜுகேஷன்னு மூணு, அஞ்சு, எட்டாம் வகுப்புக்குச் சமமா மூணு லெவல் இருக்கு, பதினாலு வயசு முடிஞ்சா பத்தாம் வகுப்பும் எழுதலாம். விதி மாறிருக்கான்னு அவங்க வெப்சைட்டை வருசா வருசம் பார்த்துக்கோங்க.

இப்ப எங்க வீட்டுல ஜப்பான் ஓடுது. மார்ச் 3-க்கு அங்க செவப்புத் துணி விரிச்ச படியில பொம்மை அடுக்குவாங்க, கொலு பெட்டியைப் பரண்லருந்து இறக்கி அதை முடிச்சாச்சு. பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பாங்கன்னு சொன்னதும் சின்னவ ஆசையா துணியை வாங்கிட்டுப் போனா. மூணு நாள் துடைச்சா. நாலாவது நாள் மேப் முன்னாடி நின்னு, "அம்மா, திரும்ப மெக்சிகோவுக்கே போயிரலாமா"ங்குறா.