செப்டிக் டேங்கில் ஆளை இறக்கும் முன்: மேற்பார்வையாளர்கள் செய்யும் தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கழிவுநீர் லாரி வேலையை மேற்பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் கையுறை, பூட்ஸ் வாங்க மறப்பதில்லை. அதை விடுங்கள். ஆளைக் கொல்பவை வேறு.

"அவங்களுக்குப் பழக்கம்தானே"

1968 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். "நான் மனிதன்" என்ற அட்டையைச் சுமந்தார்கள். ஆதரவு தரப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பழுதான வண்டியை மாற்று என்பதும் மனிதனாக நடத்து என்பதும் அவர்களுக்கு ஒரே கோரிக்கை. இங்கே குழிக்குள் யாரை இறக்குவது என்பதை இன்றும் சாதிதான் முடிவு செய்கிறது. பழக்கம் என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள்.

"நாத்தம் போயிடுச்சு, இறங்கு"

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. மூடியை அரை மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்கிறார்கள். கசடிலிருந்து வரும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தால் மீத்தேன் வெடிக்கும்.

வாயு அளக்கும் மீட்டரில் அளவு சரியாக வந்த பிறகும் கசடைக் கிளறினால் அடைபட்ட வாயு குமிழ்விட்டுக் கிளம்பும். முதலில் அளந்த கணக்கு அதோடு செல்லாது. அதனால் மேலிருந்தே தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, குழாயால் உறிஞ்சி முடியுங்கள். சட்டம் அனுமதிக்கும் அரிதான வேலைக்கு மட்டும் ஆளை இறக்கலாம்; அதற்கு முன் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்றிலும் அளந்து பாருங்கள்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழே. காற்று ஊதும் புளோயரின் குழாய் அடிவரை போக வேண்டும், ஆள் வெளியே வரும்வரை ஓட வேண்டும். மேலே ஆளைத் தூக்கும் முக்காலி வின்ச், ஆளுக்கு முழு உடல் பெல்ட். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது.

காப்பாற்றக் குதிப்பது

இரண்டாவது சாவு இப்படித்தான் விழுகிறது.

"சொந்தப் பொறுப்பில்" என்று எழுதி வாங்குவது

செல்லாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி, ஆளை இப்படி இறக்கினால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

குழியை மட்டும் பார்ப்பது

2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை வாயு கழிப்பறை வழியே வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் வாயு ஏறாமல் தடுக்க 50 மி.மீ. தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாய் (ட்ராப்) இருக்கிறதா பாருங்கள். இல்லாத வீடென்றால், வேலை தொடங்கும் முன் உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்லுங்கள்.