சேம்பருக்குள் எண்ணெய் ஏறாமல் காப்பது எப்படி

தொலைநோக்கிக் கண்ணாடிக்கு வீட்டிலேயே அலுமினியம் பூச, காற்றை இழுத்து வெற்றிடமாக்கிய சேம்பர் (மூடிய கலம்) வேண்டும். பூச விரும்புகிறவர்கள் அதன் அழுத்தத்தைக் காட்டும் கேஜையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேஜ் நல்ல வெற்றிடத்தைக் காட்டும்போதே கண்ணாடி மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கலாம். அதன் மேல் ஏறிய பூச்சு, செலோடேப் ஒட்டி இழுத்தால் உரிந்து வந்துவிடும்.

எண்ணெய் பெரும்பாலும் முதலில் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்பிலிருந்துதான் வருகிறது; அது எண்ணெயில் ஓடுவது. சேம்பரில் காற்று நிறைய இருக்கும்வரை, வெளியேறும் காற்று எண்ணெய் ஆவியையும் அடித்துக்கொண்டு போய்விடும். 0.1 மில்லிபாருக்குக் கீழே அந்த ஓட்டம் ஓய்ந்து, ஆவி குழாய் வழியே சேம்பர் பக்கம் ஏறத் தொடங்கும். அதனால் பிரானி கேஜ் (இந்த அழுத்தத்தை அளக்கும் கருவி) 0.1-ஐ நெருங்கியதும் ரஃபிங் வால்வை, அதாவது ரோட்டரி சேம்பரை நேராக இழுக்கும் வழியை, மூடிவிட்டு டிஃப்யூஷன் பம்புக்கு மாறுங்கள். அது சூடான எண்ணெய் ஆவியைப் பீச்சி இன்னும் ஆழமான வெற்றிடம் தரும்; அதன் பின்பக்கத்தை ரோட்டரி இழுத்துக்கொண்டே இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்’ என்று ராத்திரி முழுக்க ரோட்டரியிலேயே விட்டுவைப்பதைப் போல சேம்பரைக் கெடுப்பது வேறில்லை. ரோட்டரிக்கு முன்னால், எண்ணெய் ஆவியைப் பிடித்துவைக்கும் 13எக்ஸ் மாலிக்யூலர் சீவ் (நுண்துளை) மணிகள் போட்ட டிராப் ஒன்று வையுங்கள். மணிகளின் தூள் பம்பைத் தேய்த்துவிடும், பம்ப் பக்கம் நெருக்கமான வலை அவசியம்.

டிஃப்யூஷன் பம்புக்கு 704, 705 என்று இரண்டு வகை சிலிக்கோன் எண்ணெய் உண்டு. 704-ஐவிட 705 விலை அதிகம்; ஆனால் ஆவியாவது மிகக் குறைவு. நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பம்பின் வாய்க்கு மேலே தண்ணீர் ஓடும் பேஃபிள் (ஆவியைக் குளிர்வித்துத் தடுக்கும் தட்டுகள்) வேண்டும். சேம்பரிலிருந்து எட்டிப் பார்த்தால் பம்பின் உள்பக்கம் எந்தக் கோணத்திலும் தெரியக் கூடாது. பம்ப் காற்றை இழுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும், ஆகட்டும்.

கரண்ட் போகும் நேரம்தான் எனக்குப் பெரிய பயம். ரோட்டரி நின்றதும் வெளிக்காற்று அதன் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும். பின்பக்க அழுத்தம் ஏறினால் டிஃப்யூஷன் பம்பின் ஆவியும் மேலே பாயும். கரண்ட் இல்லாதபோது தானே மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வை ரோட்டரிக் குழாயில் போடுங்கள்; சேம்பருக்கும் டிஃப்யூஷன் பம்புக்கும் நடுவே மேலே உள்ள ஹைவேக்கம் வால்வைக் கையால் உடனே மூடுங்கள். குளிர்விக்கும் தண்ணீரை மோட்டார் வைத்துச் சுற்றவிடாமல் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறக்கினால், கரண்ட் போனாலும் பேஃபிள் குளிர்ந்தே இருக்கும்.

நிறுத்தும்போது ஹைவேக்கம் வால்வை மூடி ஹீட்டரை அணையுங்கள். பம்பின் அடிப்பாகம் கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை தண்ணீரும் ரோட்டரியும் ஓடட்டும். பிறகு இரண்டு பம்புகளுக்கும் இடையிலுள்ள வால்வை மூடி, ரோட்டரியை நிறுத்தி, அதன் வாய்க்குக் காற்று விடுங்கள்.

சேம்பர் பாகங்களை அசிட்டோன், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள், பக்கத்தில் சூடான ஹீட்டர் எதுவும் இருக்கக் கூடாது. அதன்பின் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சோதிக்க, சுத்தமான கண்ணாடி ஸ்லைடை உள்ளே வைத்து, ரஃபிங் மட்டும் செய்து எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் நல்லது. திட்டுத்திட்டாகப் பிரிந்தால் ரோட்டரி பக்கம் கோளாறு. அதில் தேறினால், ஹைவேக்கம் வரை போய் இன்னொரு ஸ்லைடு எடுங்கள். அதில் பிரிந்தால் பேஃபிளைக் கழற்றிப் பாருங்கள்.