கச்சத்தீவு திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

எனக்கு ஊர் தங்கச்சிமடம். இலங்கை வசமுள்ள கச்சத்தீவுக்கு, அந்தோணியார் திருவிழாவுக்காக நான்கு முறை படகேறியிருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "அக்கா, பாஸ்போர்ட் வேணுமா?" என்றுதான். வேண்டாம். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் வந்து போகலாம் என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது.

ஆனால் பெயர் பதியாமல் போக முடியாது. திருவிழா பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். ராமேசுவரம் வேர்க்கோடு கோயிலில் ஜனவரியிலேயே விசாரித்துவிடுங்கள். ஆதார் நகலும் போட்டோவும் தயாராக இருக்கட்டும். பணம் கட்டும் முன் மீனவர் சங்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2017இல் கடலில் நம் மீனவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தபோதும், 2024இல் இலங்கை நீதிமன்றம் நம் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தபோதும் நம் படகுகள் போகவில்லை. அந்த முடிவை மதித்து வீட்டில் இருந்துவிடுவதுதான் சரி.

பயண நாளில் விடியும் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். பை சோதனை, பெயர் சரிபார்ப்பு என்று வரிசை நகர நேரமாகும். சாராயம், பீடி, விற்கிற சரக்கு எதுவும் பையில் இருக்கக் கூடாது. படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். தீவில் இலங்கைக் கடற்படையினர் மறுபடி சோதிப்பார்கள். நம்மைப் பத்திரமாக இறக்கிவிடுவதும் அவர்கள்தான்.

அங்கே குடிக்கத் தண்ணீர் ஊற்று கிடையாது. கடற்படை தண்ணீர் தருவார்கள் என்றாலும் கையில் இரண்டு பாட்டில் இருக்கட்டும். தலைக்குத் துண்டு, விரிக்க ஒரு போர்வை, டார்ச். முள்ளுக்காட்டு ஓரமாகப் படுக்காதீர்கள்.

வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர். தேர் முடிந்ததும் தூங்கப் போய்விடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நெடுந்தீவு, யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பேசுங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, நம் இழுவைமடிப் படகுகள் (டிராலர்கள்) இழுத்துப்போன தன் மகனின் வலையைப் பற்றிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தம்பி இலங்கையில் பிடிபட்டு இருந்த மாதங்களை நானும் சொன்னேன். விடியும்வரை பேசினோம்.

சனிக்கிழமை பூசை முடிந்ததும் கடைகளில் சோப்பு வாங்க நின்றுவிடாதீர்கள். வந்த படகிலேயே திரும்ப வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் படகை விட மாட்டார்கள்.