சேலத்து வரலாற்று ஆய்வாளர் வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடும்போது

வெளிநாட்டு வரலாற்றாசிரியர் ஒருவருக்கு மெயில் எழுத உட்காரும் முன் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். அவருக்கு எட்டாத எந்த ஆவணம் உங்களிடம் இருக்கிறது? உங்களுக்கு எட்டாத எது அவர் ஊரில் இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாமல் ‘தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன்’ என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் ஒரு வரி வாழ்த்தோடு முடிந்துபோகும்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விகள் கஷ்டமானவை அல்ல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதிலிருந்து நம் மாவட்டத்தின் காகிதங்கள் கடல் கடந்துகொண்டே இருந்திருக்கின்றன. வருவாய்க் கடிதங்களின் ஒரு படி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருந்தால், இன்னொன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் இருக்க வாய்ப்பு உண்டு. சேலத்தில் இயங்கிய லண்டன் மிஷனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நூலகத்தில் உள்ளன. பிரெஞ்சுப் பாதிரிமார்களைப் பற்றித் தேடுபவர் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் காப்பகத்துக்கு எழுத வேண்டும். கஞ்சமலை இரும்பைப் பரங்கிப்பேட்டை ஆலைக்குக் கொண்டுபோன ஆங்கிலேயர் ஹீத், ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் என்று எந்த இழையைப் பிடித்தாலும் அதன் மறுமுனை வெளியில்தான் இருக்கிறது. மலைத் தோட்டங்களின் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), கோயில் கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, மலைக் கிராமங்களின் வாய்மொழி வழக்காறு ஆகியவை இங்கே இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவரும் நீங்கள்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் ஆள் பட்டியல்கள் இதற்கு நல்ல உதாரணம். 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை போன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அதனால் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ‘ஆத்தூர் தாலுகா’ வரை வந்து, சிதைந்த ஊர்ப் பெயரில் நின்றுவிடுவார். நீங்கள் பழைய தாலுகா வரைபடத்தையும் வருவாய்க் கிராமப் பட்டியலையும் வைத்துக்கொண்டு பத்து ஊர்களை அடையாளம் சொன்னால், அந்த நிமிடமே அவருக்கு நீங்கள் சக ஆய்வாளர். பதிலுக்கு அந்த ஊர்க்காரர்களின் முழுப் பதிவையும் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

காப்பகங்களின் ஆவண அட்டவணையில் தேடும்போது இரண்டு தடங்கல் வரும். ‘சேலம்’ என்று மட்டும் போட்டால், 1692-ன் சூனியக்காரி வழக்குகளுக்குப் பேர்போன அமெரிக்க சேலம்தான் கொட்டும். ‘மதராஸ்’ என்ற சொல்லையும் ஆண்டு வரம்பையும் சேருங்கள். அப்படியும் சிக்காவிட்டால் கலெக்டர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலைவிட அது நிலையானது. அடுத்தது எல்லை. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் பிரிந்தன. பின்னர் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய ‘சேலம் ஜில்லா’ ஆவணக் கட்டில் இவை அனைத்தும் அடக்கம்.

யாருக்கு எழுதுவது? பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். முனைவர் பட்டம் முடித்து நான்கைந்து ஆண்டு ஆனவர்கள் பதில் போடுவார்கள், சேர்ந்து வேலையும் செய்வார்கள். அவர்களைப் பிடிக்க, அமெரிக்காவில் மேடிசன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் தெற்காசிய மாநாட்டின் நிகழ்ச்சி நிரலையும், இரண்டு ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஐரோப்பிய தெற்காசிய மாநாட்டின் நிரலையும் இறக்கி, ‘தமிழ்’, ‘மதராஸ்’ என்று தேடுங்கள். புதிய நூல்களின் நன்றியுரைப் பக்கமும் நல்ல சுரங்கம்.

மெயில் 200 சொற்களைத் தாண்டக் கூடாது. பொருள் வரியில் ‘ஆய்வு ஒத்துழைப்பு வேண்டி’ என்று போடாமல் இப்படிப் போடுங்கள்: ‘1890-களின் ஏற்காடு தோட்டச் சம்பளப் பதிவேடு: உங்கள் இலங்கைக் கட்டுரை தொடர்பாக ஒரு கேள்வி’. முதல் பத்தியில் அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதம் உங்கள் ஆவணத்தோடு மோதுகிறது அல்லது பொருந்துகிறது என்று எழுதுங்கள். இரண்டாவதில் ஆவணம் என்ன, எத்தனை பக்கம், எந்த ஆண்டுகள், யாரிடம் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஒரு பக்கத்தின் படம் 1 எம்பிக்குள்ளும், அதிலுள்ளதைப் படித்து எழுதிய எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே பிடிஎஃபில் போதும். சுயவிவரக் குறிப்பை இணைக்க வேண்டாம், ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வார். அந்த 16 இலக்க எண் இலவசம். இனிஷியலை முன்னே போடுவதா, விரித்து எழுதுவதா என்று ஒருமுறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கட்டுரைகள் மூன்று பேர் எழுதியவை போல் சிதறிக் கிடக்கும். ஒரே மெயிலை இருபது பேருக்கு அனுப்பினால் அது படித்தவுடன் தெரிந்துவிடும். ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும், செப்டம்பர் கடைசியில் அனுப்புங்கள். மூன்று வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பதிவேடுகளைப் படமெடுக்கும்போது 300 டிபிஐக்குக் குறையாமல், வண்ணத்தில், ஓரத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். மூலக்கோப்பை டிஃப் வடிவில் உங்களிடமே வைத்துக்கொண்டு ஜேபெக் படி அனுப்புங்கள். மூலத் தாள்களை எக்காரணம் கொண்டும் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படியும் ஆவணமும் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன.

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்: எழுத்துப்பெயர்ப்பும் களப்பணியும் உள்ளூர் ஆய்வாளருடையது, அட்டையில் பெயர் வெளிநாட்டுக்காரருடையது. முதல் பத்துப் பக்கத்துக்கு மேல் கொடுப்பதற்கு முன்பே மெயிலில் எழுதி வாங்குங்கள்: இணை ஆசிரியரா அல்லது நன்றியுரையா, யார் பெயர் முதலில், படங்கள் யாரிடம் இருக்கும், தமிழில் வெளியிடும் உரிமை யாருக்கு. ‘அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்று சொல்பவரிடம் ஆவணத்தையும் அப்புறமே கொடுங்கள். தோட்ட உரிமையாளர், கோயில் நிர்வாகம், பங்கு சாமியார் யாரிடமிருந்து பெற்றீர்களோ அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கோப்பில் இருக்கட்டும்.

பண விஷயத்தில் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனியின் டிஏஏடி ஆகியவற்றின் உதவித்தொகைகளைப் பாருங்கள். பேராசிரியர் பணியில் இருப்பவர் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாய்வு செய்ய உதவும் மத்திய அரசின் ஸ்பார்க் (SPARC) திட்டத்தையும் பார்க்கலாம். கூட்டுத் திட்டத்துக்கான வெளிநாட்டு நிதியைச் சொந்தக் கணக்கில் வாங்காமல், வெளிநாட்டு நிதிச் சட்ட அனுமதி உள்ள நிறுவனம் வழியாக வாங்குங்கள். ‘உங்கள் கட்டுரை தேர்வாகிவிட்டது’ என்று இரண்டே நாளில் பதில் சொல்லிக் கட்டணம் கேட்கும் மாநாட்டுக்குப் பத்து ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கூட்டாளி களப்பணிக்கு வருவதாக இருந்தால் சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள். ஆராய்ச்சி விசாவுக்கு இங்குள்ள கல்வி நிறுவனத்தின் இணைப்புக் கடிதம் வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்திலோ உங்கள் கல்லூரியிலோ அந்தக் கடிதம் கையெழுத்தாகி வர மாதக்கணக்கில் ஆகலாம், பயணத் தேதி பேசத் தொடங்கும்போதே விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.